மூன்று துண்டு முக்காடு

விசைப்படகுக்கு நம்பர் மூன்று இடத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. படகின் முன்முனையான அணியத்தின் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று, கேபின் கூரைமேல் ஆகாயத்தைப் பார்த்து ஒன்று. பின்பக்கம் படகின் பெயரும் ஊரும். எழுத்து இத்தனை அங்குல உயரம், கோடு இத்தனை அங்குலத் தடிமன், அடியில் ஒரு நிறம், மேலே அதற்கு எடுப்பான நிறம். அழியக்கூடாது, மாற்றக்கூடாது, மறைக்கக்கூடாது. கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் அறைக்குப் பக்கத்தில் இதையெல்லாம் அச்சடித்து ஒரு பிளக்ஸ் போர்டு கட்டியிருந்தார்கள். அந்தப் போர்டை வரி விடாமல் படித்தவர்கள் ராமேஸ்வரம் ஜெட்டியில் இரண்டே பேர். ஒருவர் அதைக் கட்டச்சொன்ன மீன்துறை இன்ஸ்பெக்டர் ராமசுப்பிரமணியன். இன்னொருத்தி பிரெசில்லா.

அவள் படித்தது தொழிலுக்காக. எங்கே எவ்வளவு பெரிதாக எழுதச் சொல்கிறார்கள் என்று தெரிந்தால்தானே, அந்த இடத்தை மூட எவ்வளவு துணி வெட்டலாம் என்று தெரியும்?

ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள் தார்பாய்க்கு மாறி ஆறு வருசம் ஆகிறது. இந்தப் பக்கம் மீன் இல்லை, அந்தப் பக்கம் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் அந்த நாட்டு நேவிக்காரன் நம்பரைப் படம் பிடிக்கிறான். பிடித்த நம்பர் இரண்டாம் தடவை மாட்டினால் படகும் போச்சு, டிரைவர் வருசக்கணக்கில் உள்ளே. ஆகையால் எல்லைக்கோடான அந்த லைன் நெருங்கும்போது நம்பரின்மேல் சாக்கைக் கட்டிவிட்டுப் போவது வழக்கமாக இருந்தது. சாக்கு காற்றில் பறந்தது. பிரெசில்லா அதற்கு ஒரு வடிவம் கொடுத்தாள். கன்னத்துக்கு இரண்டு, கூரைக்கு ஒன்று, மூன்று துண்டு. ஓரம் மடித்து இரட்டைத் தையல், சுற்றிலும் பித்தளை வளையம், நைலான் கயிறு. ஜெட்டியில் அதற்கு முக்காடு என்று பேர் விழுந்துவிட்டது.

"முக்காடு போட்டாச்சா?" என்று வயர்லெஸ்ஸில் ஒரு படகு கேட்டால், "போட்டாச்சு, பூசைக்குப் போறோம்" என்று இன்னொன்று சொல்லும். கேட்கிறவன் ஏதோ கோயில் சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்வான்.

வாங்க வருகிறவர்கள் பேரம் பேசாமல் இருப்பார்களா?

"போன வருசம் இதுல பாதிதானேம்மா சொன்ன?"

"போன வருசம் எழுத்து சின்னதுண்ணே. கவர்மென்டு பெருசாக்கிட்டான். நானா ஆக்குனேன்? வேணும்னா உங்க நம்பர்ல ரெண்டு எழுத்தைக் குறைக்கச் சொல்லி மனு போடுங்க, நானும் துணியக் குறைக்கிறேன்."

மீன்பிடித் தடைக்காலத்தில் ராமசுப்பிரமணியன் டேப்பும் கையுமாகப் படகு படகாக ஏறி எழுத்தை அளப்பார். ஒரு வருசம் அண்ணன் மரியசெல்வத்தின் படகை அவர் அளக்கும்போது பிரெசில்லா டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். "சார், இனிமே கூரை எழுத்து எத்தனை இஞ்சு?" என்று கேட்டாள். மனிதர் உருகிப்போனார். "ஓனர் ஒருத்தனும் கேக்கல. இந்தம்மாவைப் பாத்துப் படிங்கய்யா" என்று சுற்றி நின்றவர்களைத் திட்டிவிட்டு, பேப்பரில் படம் போட்டே கொடுத்தார். அந்தப் பேப்பர் அவள் மெஷின் டிராயரில் பத்திரமாக இருந்தது.

அவள் புருசன் ஜெபஸ்டின், அவள் அண்ணனின் அந்தப் படகுக்குத்தான் டிரைவர். படகுக்குச் சகாயராணி என்று பெயர். ஜெட்டியில் எல்லாரும் அதை நம்பரின் கடைசி மூன்றைச் சொல்லி அறுநூத்திப் பதினாலு என்பார்கள். இந்த வருசம் தடை முடிந்த முதல் வாரத்தில் அதற்குப் புது முக்காடு போட்டாள். மண்டபத்தில் மீரா சாகிபு கடையில் நீலச் சுருள் புதிதாக வந்திருந்தது. "கடல் நெறம்மா, மேலருந்து பாத்தா போட்டும் தண்ணியும் ஒண்ணாத் தெரியும்" என்று சாகிபு விற்றார். அவரிடம் அரைமணி நேரம் வாதாடி வாங்கி வந்து, அதே வசனத்தைச் சொல்லி அண்ணனுக்கும் விற்றாள். தங்கச்சியாக இருந்தால் என்ன, தையல் கூலி தையல் கூலிதான்.

ஆனி மாதம், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை சகாயராணி கிளம்பியது. ஐந்து பேர் போக வேண்டிய படகு. இரண்டு பேர் பாம்பனில் கல்யாணம் என்று நின்றுவிட்டார்கள். டோக்கன் வாங்கியாயிற்று, ஐஸ் அடித்தாயிற்று, ஜெபஸ்டின் மூன்றே பேராக எடுத்துவிட்டான். அவன், குடும்பம் இல்லாத மரியதாஸ் பெரியவர், உப்பூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த மாரிச்செல்வம். ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்பியிருக்க வேண்டும். மற்றப் படகெல்லாம் திரும்பிவிட்டது. பூசை முடிந்து ஜனம் கலைந்தது. வெயில் ஏறியது. அறுநூத்திப் பதினாலு வரவில்லை.

மரியசெல்வம் மீன்துறை ஆபீசில் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். ஓலைக்குடாவுக்கு வடக்கே, ஆறு மைலில், நமது எல்லைக்குள் தொழில் செய்துகொண்டிருந்தபோது காணவில்லை என்று. எல்லா ஓனரும் எப்போதும் அப்படித்தான் எழுதுவார்கள். ஜெட்டி ரெக்கார்டைப் பார்த்தால் ராமேஸ்வரம் படகு ஒன்றுகூட லைனைத் தாண்டியதே கிடையாது. அத்தனையும் நம் கரையோரமாகவே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்று மீன் பிடிக்கின்றன. சகாயராணி நெடுந்தீவைப் பார்த்துப் போனது மரியசெல்வத்துக்குத் தெரியும். பிரெசில்லாவுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் குழம்பால் கோடு போட்டு, "இங்கன போறேன்" என்று ஜெபஸ்டின் அவளிடம் சொல்லியிருந்தான்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மாரிச்செல்வத்தின் அப்பா தங்கப்பாண்டி வந்து இறங்கினார். உப்பூருக்கு உள்ளே தள்ளி இருக்கிற கரிசல்காட்டுச் சம்சாரி. கையில் ஒரு மஞ்சப்பை நிறைய குண்டு மிளகாய் வத்தல்.

"வெறுங்கையோட எப்படி வாரது தாயி. நம்ம காட்டுல வெளஞ்சது" என்று பையை வாசல்படியில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்.

"உள்ள வாங்கய்யா."

"கால்ல மண்ணு."

"இந்த ஊரே மண்ணுதான். வாங்க."

அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு படகுக்குக் கொடுக்க வேண்டிய செட் பாதியில் கிடந்தது. கை சும்மா இருந்தால் புத்தி எங்கெங்கோ போகிறது என்று காலையிலிருந்து மிதித்துக்கொண்டே இருந்தாள். காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கதவிடுக்கு வழியாக மணல் வந்து துணிமேல் விழ, அதை ஊதி ஊதித் தைத்தாள்.

"இது என்ன தாயி, இம்புட்டுப் பெருசா?"

"ஐஸ் பெட்டி மூடுறது அய்யா."

அவர் தலையாட்டினார். அடுத்த வீட்டிலிருந்து சோறும் சூடைமீன் குழம்பும் வந்திருந்தது. எடுத்து வைத்தாள். சாப்பிடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கடலுக்குப் போகாதடான்னுதான் சொன்னேன். மூணு வருசமாக் கம்மாயில தண்ணி நிக்கல. வத்தல் செடியெல்லாம் கருகிப்போச்சு. எங்கன போயாவது பொழைக்கிறேன்னு வந்தான். அவனுக்கு நீச்சல் தெரியுமான்னே எனக்குத் தெரியாது தாயி. நம்ம ஊரு கம்மாயில முட்டியளவுக்கு நின்னதுல என்னத்த நீந்தியிருப்பான்?"

"எங்க வீட்டுக்காரரு கத்துக் குடுத்திருப்பாரு. கூட இருக்காருல்ல."

"அதத்தான் நானும் நெனச்சுக்கிட்டு வாரேன். டிரைவரு கெட்டிக்காரரு, கெட்டிக்காரருன்னு போன்ல சொல்லிக்கிட்டே இருப்பான்." தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "ஏந்தாயி, போட்டுக்கு நம்பர் இருக்கும்ல? டிராக்டருக்கு இருக்கமாதிரி?"

"இருக்கும் அய்யா."

"நம்பர் எழுதாம டிராக்டர ரோட்டுக்குக் கொண்டுவந்தேன்னு ஒருதடவ ஆர்.எஸ். மங்கலத்துல போலீஸ்காரன் நாள்பூராம் நிப்பாட்டிட்டான். அன்னைக்கு அவன என்ன பேச்சுப் பேசினேன்னு கேளு. ஹெலிகாப்டர் போகுதுன்னு சொன்னாகளே, அங்கன இருந்து பாத்தா நம்ம போட்டு நம்பர் தெரியுமா?"

பிரெசில்லா மெஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

"தெரியணும்னுதான் கூரையில எழுதச் சொல்லியிருக்கு."

"அப்பச் சரி" என்றார் தங்கப்பாண்டி. "அப்பக் கண்டுபுடிச்சிருவாக." தட்டை இழுத்து, மூன்று வேளை சாப்பிடாத மனுசன் மாதிரி சாப்பிட்டார்.

அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. லைனுக்கு இந்தப் பக்கம் திரும்பியதும் முக்காட்டை அவிழ்த்துச் சுருட்டி வைப்பதுதான் முறை. அவிழ்த்திருப்பான். ஆனால் படகு மெஷின் அந்தப் பக்கத்திலேயே நின்றுபோயிருந்தால் அவிழ்க்கமாட்டான். கச்சான் காற்று படகை வடகிழக்கே தள்ளும். தள்ளத் தள்ள அவனுக்கு நேவி பயம்தான் கூடும். ஏற்கெனவே ஒரு தடவை அந்தப் பக்கம் பிடிபட்டு, அந்த நாட்டுக் கோர்ட்டில் கைநாட்டு வைத்து வந்தவன் அவன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வரச் சொன்னார். அவர் அறையில் நாற்காலி நாலுதான். ஓனர்கள் ஐந்தாறு பேர் சுவரோரம் நின்றார்கள். மரியசெல்வம் கதவுப் பக்கம். தங்கப்பாண்டி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார். பிரெசில்லா அவருக்குப் பின்னால்.

ராமசுப்பிரமணியன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு தாளைப் பார்த்துச் சொன்னார். "நேத்து ஹெலிகாப்டர்ல ரெண்டு ரவுண்டு போயிருக்காங்க. மரியசெல்வம் எழுதிக் குடுத்த இடம் பூராம் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல. திரும்பி வர்றப்ப லைனுக்கு அந்தப் பக்கம், தூரத்துல ஒரு போட்டு கெடந்திருக்கு. மெஷின் ஓடல. இவங்க லைனத் தாண்ட முடியாது. போட்டோ எடுத்துருக்காங்க. பெருசாக்கிப் பாத்தா கூரையில நம்பர் இல்ல. வெறும் நீலமா இருந்துருக்கு. நம்ம போட்டுன்னா கூரையில நம்பர் இருக்கும். அதனால அந்த நாட்டுப் போட்டுன்னு எழுதிட்டாங்க."

சுவரோரம் நின்ற அத்தனை பேர் படகிலும் அவள் தைத்த செட் இருந்தது. அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"அப்ப அது நம்ம போட்டு இல்லையா சார்?" என்றார் தங்கப்பாண்டி.

"நம்பர் இல்லையேய்யா."

"நம்பர் இல்லாத போட்டுல கெடக்கவனும் தாய் பெத்த பிள்ளதான சார்? போயித் தூக்கலாம்ல?"

இன்ஸ்பெக்டர் தாளை மேசைமேல் வைத்தார். "பெரியவரே, அது அவங்க கடல். அவங்களத்தான் போய்ப் பாக்கச் சொல்லணும். சும்மா ஒரு போட்டு கெடக்குன்னு சொன்னா யாரும் போகமாட்டாங்க. இன்ன போட்டு, இன்ன நம்பர், இத்தன பேர், எங்க ஆளுங்கன்னு ஓனர் எழுதிக் குடுத்து, நான் மேல அனுப்பி, மேல உள்ளவங்க அங்க பேசுனா, அவங்க கப்பல் அரைமணி நேரத்துல போயிரும்." மரியசெல்வத்தைப் பார்த்தார். "எழுதித் தர்றியாய்யா? அது உன் போட்டா?"

மரியசெல்வம் தொண்டையைச் செருமினான். "என் போட்டுல நம்பர் இருக்கு சார். போன மாசம் நீங்கதான் டேப்பு வச்சு அளந்தீங்க."

"அளந்தேன்" என்றார் அவர். "பளிச்சுன்னு இருந்துச்சு. அதான் எனக்கும் புரியல."

வெளியே ஐஸ் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் அண்ணனை மறித்தாள். பார் ஐஸ் உடைக்கிற சத்தத்தில் பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்காது. பேரம் பேச வருகிற வியாபாரிகள் எல்லாம் அங்கேதான் வருவார்கள்.

"அது நம்ம போட்டு அண்ணே."

"நீ பாத்தியா?"

"நீலத்துல தச்சது உனக்கு ஒருத்தனுக்குத்தான். மத்தவங்களுக்கெல்லாம் கருப்பு."

அவன் பீடியைப் பற்றவைக்கப் பார்த்தான், காற்று விடவில்லை.

"எழுதிக் குடுண்ணே."

"எழுதிக் குடுத்தா என்னாகும்னு தெரியுமா உனக்கு? நம்பர மூடுன போட்டுன்னா மீன் புடிக்க வந்த கேஸ் கிடையாது புள்ள. மஞ்சள் கடத்துனான், பீடி இலை கடத்துனான்னு போடுவாங்க. மச்சானுக்கு ரெண்டாந்தடவ வேற. அவரு வெளிய வர்றதுக்குள்ள உனக்குத் தலை நரைச்சிரும்."

"நரைக்கட்டும். ஜெயில்ல இருந்தா வருசத்துக்கு ஒருதடவ பாக்கலாம்ல?"

"போட்டு போயிரும். அப்பா விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். இங்கன லைசன்ஸும் போயிரும். எனக்கு மட்டுமில்ல, நாளைக்கே ஜெட்டி பூராம் ஏறி எவன் போட்டுல முக்காடு இருக்குன்னு தேடுவாங்க. டீசல் மானியம் நிக்கும், டோக்கன் நிக்கும். ஊர்ல ஒரு வீட்டுல உனக்குத் தண்ணி குடுக்கமாட்டாங்க."

"நான் உப்புத் தண்ணியே குடிச்சுக்கிறேன்."

"விளையாடாத. தச்சவ நீதான்னு உன் பேரும் எழுதுவாங்க."

"மறக்காம எழுதச் சொல்லு. ரெட்டைத் தையல்னு சேத்து எழுதச் சொல்லு."

மரியசெல்வம் சுவரில் சாய்ந்து முகத்தைத் துடைத்தான். அவனும் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. குரலை இறக்கினான், விலையை இறக்குகிற குரல் அது. பிரெசில்லாவுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"சரி. இப்படிச் செய்வோம். நாளைக்கு டோக்கன் நாள். பத்துப் போட்டு எடுத்துட்டு நாங்களே போறோம். நெடுந்தீவு வரைக்கும் போய்ப் பாக்குறோம். யாருக்கும் எதுவும் சொல்ல வேணாம்."

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"காலையில எடுத்தா மத்தியானம் அங்கன."

"போனது ஒருநாள் தொழிலுக்கு. தண்ணி ஒரு கேன். சனி, ஞாயிறு, திங்கள், இன்னைக்கு செவ்வாய். நாளை மத்தியானம் வரைக்கும் அந்தத் தண்ணிய நீ இழுத்துக் காட்டு பாப்போம்."

"அப்ப இப்படிச் சொல்லுவோம். நம்ம போட்டுதான்னு எழுதித் தர்றேன். மூடியிருந்துச்சுன்னு சொல்ல வேணாம். பெயிண்டு உரிஞ்சுபோச்சுன்னு சொல்லுவோம்."

"போன மாசம் டேப்பு வச்சவரு உள்ள உக்காந்திருக்காரு. 'பளிச்சுன்னு இருந்துச்சு'ன்னு உன் மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு. ஒரு மாசத்துல மூணு எடத்துலயும் பெயிண்டு உரிஞ்சுச்சா? அதுவும் உரிஞ்சு நீலமா ஆச்சா? அவர் மேல எழுதவேண்டாமா, மேல உள்ளவன் நம்பவேண்டாமா? நீ விக்கிற பொய் ஒருத்தனும் வாங்கமாட்டாண்ணே. உண்மை ஒண்ணுதான் இருக்கு. அதத்தான் குடுத்தாகணும்."

"பிரெசி…"

"நீ வரலேன்னா நான் போறேன்."

அண்ணன் அவள் கையைப் பிடித்தான். இறுக்கிப் பிடிக்கவில்லை. அவள் உதறவும் இல்லை. ஐஸ் உடைக்கிறவன் பாட்டுக்கு உடைத்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே கையை விட்டான்.

தங்கப்பாண்டி இன்ஸ்பெக்டர் அறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். "என்ன தாயி சொல்றாக?" அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

"சார், அந்தப் போட்டு சகாயராணிதான்."

"எப்படிம்மா சொல்ற?"

"அந்த நீலம் நான் தச்சது."

ராமசுப்பிரமணியனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்க ஆரம்பித்தபோது அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"டீ கொண்டுவந்து குடுத்தியே. எழுத்து எத்தனை இஞ்சுன்னு கேட்டியே."

"ஆமா சார்."

"நான் படம் போட்டுக் குடுத்தேனே."

"நீங்க சொன்ன அளவுக்கு மேல ரெண்டு இஞ்சு விட்டு வெட்டுவேன் சார்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிளக்ஸ் போர்டு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "எத்தனை போட்டுக்குத் தச்சிருக்க?"

"அத நாளைக்குக் கேளுங்க. எல்லாம் சொல்றேன். இப்ப இந்தப் போட்ட எழுதுங்க சார். மூணு பேரு. நெடுந்தீவுக்கு மேக்க போனாங்க. ஓலைக்குடா எல்லாம் பொய். யார் கால்ல விழணும்னு சொல்லுங்க, விழுகுறேன்."

"விழுக வேணாம்" என்று பேனாவை எடுத்தார். "ஓனர் கையெழுத்து வேணும்."

மரியசெல்வம் எப்போது வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. கதவில் சாய்ந்து நின்றான். எழுதி முடித்ததும் வந்து, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனான்.

புதன்கிழமை டோக்கன் கொடுக்கவில்லை. விடிந்ததும் ஜீப் ஜீப்பாக வந்து ஜெட்டியில் இறங்கினார்கள். படகு படகாக ஏறி, ஐஸ் அறைக்குள்ளும் வலைக்கு அடியிலும் தேடி எடுத்து, கரையில் குவித்தார்கள். மத்தியானத்துக்குள் இடுப்பளவுக்குக் கருப்புத் தார்பாய். தெருவில் பிரெசில்லா குழாயடிக்குப் போனபோது வரிசையில் நின்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். ஒருத்தி மட்டும் விலகாமல் நின்று சொன்னாள். "ஒரு புருசனுக்காக ஊர்ப் புருசன் எல்லார் சோத்துலயும் மண்ண அள்ளிப் போட்டுட்டியே. நல்லாத் தச்ச தாயே, நல்லாத் தச்ச." அந்த வாய்க்கு வேறு நாளாக இருந்தால் பிரெசில்லா நாலு பதில் வைத்திருப்பாள். குடத்தைப் பாதி நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் தங்கப்பாண்டி வத்தலைப் பாயில் கொட்டிக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். ஏதாவது செய்யாமல் அவருக்கும் இருக்க முடியவில்லை. நேற்று நடந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஐஸ் பெட்டி மூடுகிற துணி என்று அவள் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று மணி இருக்கும். இன்ஸ்பெக்டர் தானே நடந்து வந்தார். வாசலில் நின்றபடி சொன்னார்.

"போட்டு கிடைச்சிருச்சு. நேத்து சாயங்காலமே எடுத்துருக்காங்க. உசுரோட இருக்காங்க, அந்த ஊர் ஆஸ்பத்திரில."

தங்கப்பாண்டி வத்தல்மேலேயே கையை ஊன்றி எழுந்தார். "எம் மகன் சார்?"

"மாரிச்செல்வம், மரியதாஸ். ரெண்டு பேர் எழுதியிருக்கு."

"மூணு பேர் சார்" என்றாள் பிரெசில்லா.

"ரெண்டு பேர்தாம்மா எழுதியிருக்கு." அவர் அவளைப் பார்க்காமல் பேசினார். "மூணாவதப் பத்திக் கேட்டிருக்கேன். பேச விடுறேன்னாங்க. போன் வரும். மாரிச்செல்வத்துக்கு அவங்கப்பா நம்பர்தான் மனப்பாடமா இருக்காம்."

போன் தங்கப்பாண்டியின் சட்டைப்பையில் இருந்தது. பொத்தான் போன். அது அடித்தபோது அவருக்கு எந்தப் பொத்தான் என்று மறந்துவிட்டது. பிரெசில்லா அமுக்கிக் கொடுத்தாள்.

"ஏலே… ஏலே மாரி… நாந்தாண்டா அய்யா… சாப்பிட்டியாடா? என்னடா குடுத்தாக? கால் கை நல்லாருக்கா? ஏலே, பேசுடா…" அழுகையும் சிரிப்புமாக நடுவீட்டில் நின்று சத்தம் போட்டார். வத்தல் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டதில் கண் எரிந்து இன்னும் கண்ணீர் வழிந்தது. அப்புறம்தான் அவருக்கு அவள் நிற்பது நினைவு வந்தது. சிரிப்பை அப்படியே விழுங்கினார். போனை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"மாரி, நாந்தான்" என்றாள்.

"மதினி."

"சொல்லு."

அந்தப் பக்கம் யாரோ சிங்களத்தில் பேசுவது கேட்டது.

"திங்கக்கிழம மதினி. மெஷினு சனிக்கிழமையே நின்னுபோச்சு, பேட்டரி இறங்கி வயர்லெஸ்ஸும் செத்துப்போச்சு. நேவிக்காரன் பாத்துருவான்னு டிரைவரண்ணன் முக்காட்ட எடுக்க விடல. திங்கக்கிழம ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுச்சு. நம்மாளுகடா, நம்பரக் காட்டுங்கடான்னு கத்துனாரு. கன்னத்துத் துணிய நானும் பெரியவரும் அறுத்துட்டோம். அண்ணன் கூரை மேல ஏறுனாரு. கயிறு மூணு நாளா நனஞ்சு இறுகிக் கெடந்துச்சு. முடிச்சு அவுரல. கத்திய வாங்கினாரு, வளையத்துக்குள்ள புதைஞ்ச கயித்துல கத்தி நுழையல, தையல அறுத்தாரு. அது வரல மதினி. ஹெலிகாப்டரு அங்குட்டுத் திரும்பிருச்சு. எந்திரிச்சு நின்னு ரெண்டு கையாலயும் துணியப் புடிச்சு இழுத்தாரு. அலை வந்து போட்டு சாஞ்சிருச்சு."

"நீந்தலயா?"

"நீந்துனாரு. ரொம்ப நேரம் நீந்துனாரு. கயித்த வீசுனோம், எட்டல. கடல் ஓட்டம், நீவாடு, அவர அங்குட்டு இழுக்குது, காத்து போட்ட இங்குட்டுத் தள்ளுது. எனக்கு நீச்சல் தெரியாது மதினி. பெரியவரு குதிக்கப் போனாரு, நாந்தான் புடிச்சுக்கிட்டேன்."

"சரி" என்றாள் பிரெசில்லா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நல்லதுதான் செஞ்ச."

"மதினி, கூரையில நின்னுக்கிட்டு உங்களப் பத்தி ஒரு வார்த்த சொன்னாரு. துணியப் புடிச்சு இழுத்துக்கிட்டே—"

அவள் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

"என்ன தாயி?" தங்கப்பாண்டி பக்கத்தில் வந்தார். "டிரைவரு என்ன சொன்னாராம்?"

"லைன் போயிருச்சு அய்யா."

கையிலிருந்தபடியே போன் மறுபடியும் அடித்தது. வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவந்தான் தாயி, எடு. பாதியில நிக்குது பாரு. எடு."

அவள் எடுக்கவில்லை, அவரிடம் கொடுக்கவும் இல்லை. சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்து, போனை வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அது அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடிக்க ஆரம்பித்தது.